நார்க்கட்டி என்று எடுத்தார்கள், பயாப்சியில் சார்கோமா என்று வந்திருக்கிறது. இனி?

கேள்வி: என் அம்மாவுக்கு 47 வயது. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. இரண்டு வருடமாக அதிக ரத்தப்போக்கு. ஸ்கேனில் 8 செ.மீ. ஃபைப்ராய்டு (நார்க்கட்டி) என்றார்கள். மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் லேப்ராஸ்கோப்பி மூலம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டி பெரிதாக இருந்ததால் வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கி எடுத்தார்களாம். சினைப்பைகளை விட்டுவைத்திருக்கிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் லியோமயோசார்கோமா என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் உடனே கீமோ ஆரம்பிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், ஸ்கேன் நன்றாக இருந்தால் எதுவும் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? சாதாரணக் கட்டி புற்றுநோயாக மாறிவிட்டதா? முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? எனக்கு 24 வயது. எனக்கும் 3 செ.மீ. ஃபைப்ராய்டு இருக்கிறது. எனக்கும் இப்படி ஆகுமா?
ஒரு வாசகி, காரைக்குடி

பதில்:

இரண்டு டாக்டர்கள் சொல்வதற்கும் மருத்துவ ஆதாரம் உண்டு. ஆனால் கீமோ வேண்டுமா வேண்டாமா என்பது வரிசையில் மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயர் சரிதானா என்பது முதல் கேள்வி. நோய் கர்ப்பப்பையைத் தாண்டி வேறெங்காவது இருக்கிறதா என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் விடை கிடைக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த அவகாசத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைக் காயம் ஆறவும் அம்மாவுக்கு அந்த நாட்கள் தேவை.

பெயரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கர்ப்பப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உட்புறச் சவ்வில் தோன்றுபவை. தசையிலும் சவ்வுக்கு அடியில் உள்ள திசுவிலும் தோன்றும் சார்கோமாக்கள் 100-க்கு 3 முதல் 7 வரைதான். அதிலும் தசையில் தோன்றும் லியோமயோசார்கோமா, சவ்வுக்கு அடித் திசுவில் தோன்றும் எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா, அடினோசார்கோமா, வகைப்படுத்த முடியாத சார்கோமா என்று பல பிரிவுகள். ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு நார்க்கட்டி தினம் வரும். இவை எப்போதாவதுதான் வரும். அங்கு திசுவைப் பரிசோதிக்கும் பெத்தாலஜிஸ்ட் திறமையானவராக இருந்தாலும், இந்த நோயைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் அதே ஸ்லைடை இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். பெரிய மையங்கள் வெளியிலிருந்து வரும் எல்லா நோயாளிகளுக்கும் இதைச் செய்வது வழக்கம். யார் மீதும் நம்பிக்கை இல்லாததால் செய்வது அல்ல.

லியோமயோசார்கோமா என்று சொல்ல மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். செல்களின் கருக்கள் ஒழுங்கற்றுப் பெருத்திருக்கின்றனவா; பெரிய லென்ஸில் 10 பார்வைப் புலங்களை எண்ணினால் பிளவுபடும் செல்கள் 10 அல்லது அதற்கு மேல் இருக்கின்றனவா; கட்டிச் செல்கள் கூட்டமாகச் செத்த நெக்ரோசிஸ் இருக்கிறதா. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தெளிவாக இருந்தால்தான் வழக்கமான வகை லியோமயோசார்கோமா என்ற பெயரைத் தருவார்கள். ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இந்த மூன்றைப் பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா, எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது அரைகுறை ரிப்போர்ட்.

சாதாரண நார்க்கட்டியே இந்த வேடத்தைப் போடும் சந்தர்ப்பங்கள் உண்டு. உங்கள் அம்மா விஷயத்தில் இதைக் கவனிக்க வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்த நம் ஊரில் தாராளமாகக் கொடுக்கப்படும் டிரானெக்சாமிக் ஆசிட், நார்க்கட்டிக்குள் ரத்தக்கட்டு உண்டாக்கி ஒரு பகுதியைச் சாகவைக்கலாம். நோரெதிஸ்டெரோன் போன்ற புரோஜெஸ்டோஜன் மாத்திரைகள் செல் பிளவின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். கட்டியைச் சுருக்கப் போடும் லூப்ரோலைட் ஊசியும் உள்ளே மாற்றங்களை உண்டாக்கும். ரத்த ஓட்டம் நின்றதால் வரும் நெக்ரோசிஸும் புற்றுநோயில் வரும் நெக்ரோசிஸும் பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாதங்களில் அம்மாவுக்குக் கொடுத்த ஒவ்வொரு மாத்திரை, ஊசியின் பெயரையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, மறுஆய்வுக்குப் போகும் ஸ்லைடுகளோடு சேர்த்து அனுப்புங்கள். இந்தத் தகவல் பெரும்பாலும் பெத்தாலஜிஸ்ட் மேசைக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

இனி ஸ்லைடுகளை வாங்கும் வேலை. பரிசோதனைக் கூடத்துக்கு இன்றே போன் செய்து முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஃபார்மலினில் இருக்கும் மீதித் திசுவைக் கொட்டிவிட்டார்களா? துண்டாக்கி எடுத்த கட்டி ஒரு குவியலாகத்தான் வந்திருக்கும். அதிலிருந்து சில துண்டுகளை மட்டும் எடுத்துச் சோதித்திருப்பார்கள். மீதியைக் கொஞ்ச காலம்தான் வைத்திருப்பார்கள். இருந்தால் எறிய வேண்டாம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க அது ஒன்றுதான் வழி. அடுத்து, எல்லா ஸ்லைடுகளும், எல்லா பாரஃபின் பிளாக்குகளும் வேண்டும் என்று கேளுங்கள். ‘ஒரு ஸ்லைடு போதும்’ என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். கூடுதல் சோதனைகளுக்கு பிளாக் இல்லாமல் முடியாது. பிளாக்குகள் மெழுகில் புதைத்த திசு. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மெழுகு இளகிவிடும். பிளாக்கில் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸின் நகலும் வேண்டும். கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, துண்டாக்கியது பைக்குள் வைத்தா பை இல்லாமலா, வயிற்றுக்குள் வேறு எங்காவது முடிச்சு தெரிந்ததா என்ற மூன்று விவரமும் அதில்தான் இருக்கும்.

மறுஆய்வுக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போகலாம். அங்கே தசைச் செல்லைக் காட்டும் டெஸ்மின், ஹெச்-கால்டெஸ்மான், சவ்வுக்கு அடித் திசுவான ஸ்ட்ரோமாவைக் காட்டும் சி.டி.10, சைக்ளின் டி1, ஹார்மோன் ஏற்பிகளான ஈ.ஆர்., பி.ஆர்., கூடவே பி53, பி16 என்று நிறச் சோதனைகள் செய்வார்கள். எந்தச் சோதனையும் தனியாக நோயைச் சொல்லிவிடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு. சந்தேகம் மிஞ்சினால் ஜீன் சோதனைக்குப் போவார்கள். எல்லோருக்கும் அது தேவைப்படாது.

பெயர் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். எல்லாமே மாறும். அது தீவிரம் குறைந்த எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமாவாக இருந்தால், அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்வது. அதைச் சுரக்கும் சினைப்பைகளை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மருந்து தேவைப்பட்டால் லெட்ரோசோல் 2.5 மி.கி. தினம் ஒரு மாத்திரை, எலும்பு அடர்த்திச் சோதனையோடு. கீமோ முதல் தேர்வே அல்ல. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் இங்கே கூடவே கூடாது. அது கர்ப்பப்பைத் திசுவில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்யும். ‘ஹார்மோன் கட்டிதானே’ என்று யாராவது அதை எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். கார்சினோசார்கோமா என்று வந்தால், பெயரில் சார்கோமா இருந்தாலும் அதை இன்று உட்சவ்வுப் புற்றுநோயின் கொடிய வடிவமாகத்தான் நடத்துகிறார்கள். பேக்ளிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற வேறு மருந்துகள், நெறிக்கட்டிகளையும் பார்க்க வேண்டும். புற்றுநோயா இல்லையா என்று அறுதியிட முடியாத தசைக்கட்டி என்று ஒரு இடைப்பட்ட வகையும் இருக்கிறது. அதற்குக் கீமோ கிடையாது, கண்காணிப்பு மட்டும். ஏ.எல்.கே. என்ற ஜீன் மாற்றம் உள்ள அழற்சி வகைக் கட்டி ஒன்று தசைக்கட்டி போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும். அதற்குக் குறிவைத்த மாத்திரைகள் இருக்கின்றன. இத்தனை வாசல்கள் இருக்கும்போது முதல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அடுத்த திங்கட்கிழமை கீமோவுக்குச் சேர்ப்பது அவசரம்.

ஸ்லைடு மறுஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்கேனை முடித்துவிடுங்கள். மருந்து செலுத்திய சி.டி. ஸ்கேன், நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவு. இந்த நோய் முதலில் போகும் இடம் நுரையீரல். ரத்தத்தின் வழியாகப் போகிறது. அதனால் நெஞ்சு எக்ஸ்ரே போதாது. பெட் ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று நெஞ்சு சி.டி.யை விட்டுவிடுவதும் தவறு. சில மில்லிமீட்டர் அளவுள்ள நுரையீரல் முடிச்சுகள் பெட் ஸ்கேனில் ஒளிராமல் தப்பிவிடும். ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் நம்பகமான மார்க்கர் எதுவும் இல்லை. சி.ஏ.125 மாதாமாதம் எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வீண் செலவும் வீண் பயமும்.

நிலை பிரிப்பது எளிது. கட்டி கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்தால் முதல் நிலை. அதில் 5 செ.மீ. வரை 1ஏ, அதற்கு மேல் 1பி. இடுப்புக்குள் பரவியிருந்தால் இரண்டு, வயிற்றுத் திசுக்களிலோ நெறிக்கட்டிகளிலோ இருந்தால் மூன்று, சிறுநீர்ப்பை, மலக்குடலைத் துளைத்திருந்தாலோ நுரையீரல் போன்ற தொலைவிடங்களுக்குப் போயிருந்தாலோ நான்கு. உங்கள் அம்மாவின் கட்டி துண்டாகிவிட்டதால் நோயியல் அளவீடு கிடையாது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனில் உள்ள 8 செ.மீ. என்ற அளவைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஸ்கேன் படங்களைத் தொலைத்துவிடாதீர்கள். ஃபிலிம் மட்டும் இருந்தால் ஸ்கேன் சென்டரில் கேட்டு கம்ப்யூட்டர் குறுந்தட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

துண்டாக்கியதுதான் இந்த விஷயத்தில் சங்கடமான பகுதி. சுழலும் கத்தியுள்ள மோர்செலேட்டர் கருவியால் வயிற்றுக்குள் கட்டியை அரிந்தெடுக்கும்போது சிறு துணுக்குகள் சிதறி வயிற்றுச் சவ்வில் ஒட்டலாம். நார்க்கட்டியாக இருந்தால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. சார்கோமாவாக இருந்தால், கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்த நோயை நாமே வயிற்றில் விதைத்ததாகிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இல் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. நார்க்கட்டி என்று அறுவை செய்யப்படும் சுமார் 350 பெண்களில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிறகு வந்த சில ஆய்வுத் தொகுப்புகளில் அந்த எண்ணிக்கை இதைவிடக் குறைவு. இன்றும் அதைப் பற்றி வாதம் ஓயவில்லை. ஆனால் மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்கும் கடந்தவர்களுக்கும் இந்தக் கருவி வேண்டாம், பயன்படுத்தினால் கசியாத பைக்குள் வைத்து மட்டும் என்ற நிலைப்பாடு அப்படியே இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு இப்போது என்ன செய்யலாம்? ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், பை இல்லாமல் துண்டாக்கியிருந்தால், மீண்டும் ஒரு முறை வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பி வழியாகவோ பார்ப்பதைப் பற்றி ஆங்காலஜி (புற்றுநோய்) அறுவை நிபுணரிடம் பேசுங்கள். இப்படிப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்கேனில் தெரியாத முடிச்சுகள் இருந்திருக்கின்றன. அவற்றை எடுத்தால் ஆயுள் நீளும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நிலையைச் சரியாக அறிய உதவும், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருந்தால் இரண்டாவது அறுவைக்கு நியாயம் கூடுகிறது. நெறிக்கட்டிகளை வாரி எடுக்கும் பெரிய ஆபரேஷன் இந்த வகைக்குத் தேவையில்லை. பெருத்துத் தெரிந்தால் மட்டும் எடுப்பார்கள்.

சினைப்பைகள்? லியோமயோசார்கோமா உறுதியானால், மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு, கட்டி கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்தால் சினைப்பைகளை விட்டுவைக்கலாம். அதனால் ஆயுள் குறைவதாகத் தெரியவில்லை. இதற்காக மட்டும் இன்னொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறப்பதாக இருந்தால், 47 வயதில் அவற்றையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கட்டியில் ஈ.ஆர்., பி.ஆர். அதிகமாக இருந்தால் அந்தக் கருத்துக்கு வலு கூடும்.

இப்போது கீமோ. முதல் நிலை லியோமயோசார்கோமாவை முழுதாக எடுத்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், நோய் திரும்புகிறது. அதனால்தான் முதல் டாக்டர் சும்மா இருக்கத் தயங்குகிறார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் அந்தத் திரும்புதலைக் கீமோ தடுக்கிறதா என்று பார்க்கக் கிளம்பிய பெரிய ஆய்வு, ஜி.ஓ.ஜி. 277, கைகூடவில்லை. 216 பெண்களைச் சேர்க்கத் திட்டமிட்டு 38 பேரோடு 2016-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. ஜெம்சைடபின், டோசிடாக்சல் 4 சுற்றும், பிறகு டாக்சோருபிசின் 4 சுற்றும் பெற்றவர்கள், வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. 38 பேரை வைத்துக்கொண்டு பயனே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஃபிரெஞ்சு மையங்கள் 81 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில் மூன்று மருந்துக் கூட்டுக் கீமோவும் ரேடியேஷனும் சேர்த்தவர்களில் 3 ஆண்டு நோயின்றி இருந்தோர் 55 சதவீதம், ரேடியேஷன் மட்டும் என்றால் 41. ஆனால் கீமோவின் நச்சால் இருவர் இறந்தார்கள், மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் காட்ட முடியவில்லை.

ஆகவே முழுதாக எடுக்கப்பட்ட முதல் நிலைக் கட்டிக்கு, ஸ்கேன் சுத்தமாக இருந்தால், கண்காணிப்பு மட்டும் என்பது முறையான சிகிச்சைத் தேர்வு. இரண்டாவது டாக்டர் சொன்னது அதைத்தான். உங்கள் அம்மாவின் கட்டியோ ஒரே துண்டாக எடுக்கப்படவில்லை. அங்குதான் முதல் டாக்டரின் வாதத்துக்கு எடை வருகிறது. பை இல்லாமல் துண்டாக்கியிருந்தால், அல்லது மறுபடி பார்க்கும்போது முடிச்சுகள் கிடைத்தால், கீமோவைப் பற்றிப் பேச வேண்டியது அவசியம். பைக்குள் வைத்துத் துண்டாக்கி, பை கிழியவில்லை என்று நோட்ஸ் சொன்னால், ஸ்கேனும் சுத்தமாக இருந்தால், நான் கண்காணிப்பின் பக்கம்தான் சாய்வேன். எந்தப் பக்கம் போனாலும் தனி ஒரு டாக்டரின் முடிவாக இருக்க வேண்டாம். அறுவை, கீமோ, ரேடியேஷன் நிபுணர்களும் பெத்தாலஜிஸ்டும் சேர்ந்து உட்காரும் ட்யூமர் போர்டில் வைத்து, அவர்கள் எழுதிக் கொடுக்கும் முடிவை வாங்குங்கள்.

ரேடியேஷன் கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. முதல் இரண்டு நிலைகளில் இருந்த 224 பெண்களிடம் ஐரோப்பாவில் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இடுப்புக்கு 28 தவணைகளில் 50.4 கிரே கொடுத்தும் லியோமயோசார்கோமாவில் நோய் திரும்புவதோ மரணமோ குறையவில்லை. நோய் நுரையீரலுக்குப் போகும்போது இடுப்பைச் சுட்டு என்ன பயன்? மிச்சம் விட்டுப்போன இடம் குறிப்பாகத் தெரிந்தால், வலிக்கும் எலும்பு இருந்தால், அப்போது ரேடியேஷனுக்கு வேலை இருக்கிறது.

கீமோ தேவை என்று முடிவானால் தெரிந்திருக்க வேண்டியவை சில. டாக்சோருபிசின் தனியாக என்றால் உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 75 மி.கி., 21 நாளுக்கு ஒரு முறை. அம்மாவின் உடல் பரப்பு 1.6 என்றால் ஒரு தடவைக்கு 120 மி.கி. ஆறு சுற்றில் சதுர மீட்டருக்கு 450 மி.கி. ஆகிவிடும். அதற்கு மேல் இதயத் தசை பலவீனமாகும் அபாயம் ஏறுவதால்தான் அங்கே நிறுத்துகிறார்கள். முதல் சுற்றுக்கு முன் எக்கோ (இதய ஸ்கேன்) கட்டாயம். மருந்து ஏறும்போது கை எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகிப்போகும். பல சுற்றுகள் என்றால், மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் கீமோ போர்ட் வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீர் ஒரு நாள் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். 7 முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் விழுந்திருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீமோவில் நேரும் தவிர்க்கக்கூடிய மரணங்களில் பல இந்த ஒரு இரவுத் தாமதத்தால் வருபவை.

பரவிய நோய்க்கு அண்மையில் வந்த நல்ல செய்தி, சதுர மீட்டருக்கு டாக்சோருபிசின் 60 மி.கி.யோடு டிராபெக்டெடின் 1.1 மி.கி. சேர்த்துக் கொடுத்த ஃபிரெஞ்சு ஆய்வு. நோய் கட்டுக்குள் இருந்த காலம் 6.2 மாதத்திலிருந்து 12.2 மாதமாகவும், நடு ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 24 மாதத்திலிருந்து 33 மாதமாகவும் உயர்ந்தது. பக்க விளைவுகளும் கூடுதல்தான். நுரையீரலில் இரண்டு மூன்று முடிச்சுகள் மட்டும், அதுவும் ஆபரேஷன் முடிந்து நெடுநாள் கழித்து வந்தால், கீமோவுக்கு முன் அவற்றை அறுத்தெடுக்க முடியுமா என்று நுரையீரல் அறுவை நிபுணரைக் கேட்க வேண்டும். ‘நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இந்த நோயில் பொருந்தாது.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் எந்தத் திட்டமும் நடக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். போகும் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, ட்யூமர் போர்டு எழுதிய சிகிச்சை எந்தத் தொகுப்பில் வருகிறது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். அட்டை இல்லையென்றால் இந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் முடியாது. அல்ட்ராசவுண்டில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ஒழுங்கற்ற விளிம்பு, உள்ளே ரத்தக்கசிவு, மருந்து ஏறாத மையப் பகுதி, டிஃப்யூஷன் படங்களில் நீர் நகர்ச்சி தடைபடுவது போன்ற அடையாளங்கள் சந்தேகத்தை எழுப்பும், உறுதி சொல்லாது. கர்ப்பப்பைக்குள்ளிருந்து சுரண்டி எடுக்கும் பயாப்சி சார்கோமாக்களில் பாதியைக்கூடப் பல சமயம் தவறவிடும், கட்டி தசைக்குள் புதைந்திருப்பதால். ஊசி குத்தி எடுப்பதை, செல் சிதறும் என்ற பயத்தால் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஆகவே அது சார்கோமா என்று கண்டுபிடிக்காததற்கு உங்கள் டாக்டரைக் குறை சொல்வது நியாயமில்லை. 47 வயதில், ஊசிக்கும் அடங்காத 8 செ.மீ. கட்டிக்கு எம்.ஆர்.ஐ.யும் சவ்வு பயாப்சியும் எடுத்தார்களா, துண்டாக்கும் ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்பது நியாயம். கேளுங்கள், ஆனால் ஸ்லைடுகளையும் நோட்ஸையும் கையில் வாங்கிய பிறகு.

நார்க்கட்டி புற்றுநோயாக மாறியதா? அநேகமாக இல்லை. இரண்டின் ஜீன் கோளாறுகளும் வேறு. நார்க்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் மெட்12 என்ற ஒரு ஜீனில் மாற்றம் இருக்கும், மற்றபடி குரோமோசோம்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கும். லியோமயோசார்கோமாவில் டி.பி.53, ஆர்.பி.1 கெட்டு, குரோமோசோம்கள் சின்னாபின்னமாகக் கிடக்கும். மிக அரிதாக ஒரு நார்க்கட்டிக்குள்ளிருந்து இது கிளம்பியதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை முதலிலிருந்தே சார்கோமாவாகத் தோன்றியவை. கட்டி இருப்பது தெரிந்து இரண்டு வருடம் காத்திருந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மாவோ அப்பாவோ வருந்திக்கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் முதல் மூன்று வருடம் 3 முதல் 4 மாதத்துக்கு ஒரு பரிசோதனை, 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி. அடுத்த இரண்டு வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒன்று. இடையில் விடாத இருமல், மூச்சு வாங்குதல், வயிறு உப்புதல், பிறப்புறுப்பில் ரத்தம் எது வந்தாலும் அடுத்த தேதி வரை பொறுக்க வேண்டாம். மறுஆய்வில் ஸ்ட்ரோமல் சார்கோமா என்று பெயர் மாறினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அது பத்து, இருபது வருடம் கழித்தும் திரும்பும் குணமுள்ளது, கண்காணிப்பை நிறுத்தவே கூடாது.

உங்களுக்கு வருமா? 24 வயதிலும் 3 செ.மீ. நார்க்கட்டி வருவது உண்டு. அம்மாவுக்கு இந்த நோய் வந்ததால் மட்டும் உங்கள் கட்டியின் மேல் சந்தேகம் விழாது. பெரும்பாலான சார்கோமாக்கள் பரம்பரையாக வருவதில்லை. மூன்று விஷயங்களை மட்டும் குடும்பத்தில் விசாரியுங்கள்: இளம் வயதில் மார்பகம், மூளை, எலும்பு, அட்ரீனல் புற்றுநோய் யாருக்காவது வந்ததா, குழந்தையில் கண் புற்றுநோய் வந்தவர் உண்டா, தோலில் வலிக்கும் சிறு முடிச்சுகளும் சிறுநீரகப் புற்றுநோயும் வந்தவர் உண்டா. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் ஜெனிடிக் கவுன்சலிங் தேவை. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் சீக்கிரம் தேவை, ஏனென்றால் அந்தப் பரம்பரைக் கோளாறில் பெண்களுக்கு இருபதுகளிலேயே நார்க்கட்டி வரும். மூன்றுக்கும் இல்லை என்றால், தொந்தரவு தராத கட்டியை வருடம் ஒரு முறை அதே ஸ்கேன் சென்டரில், அதே மாதவிலக்கு நாளில் அளந்து பாருங்கள். பிற்காலத்தில் அதை எடுக்க வேண்டி வந்தால், துண்டாக்குவார்களா, எந்தப் பைக்குள் வைத்து என்ற கேள்வியை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டு, பதிலை அந்தப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.